மூன்று வளாகங்கள், ஒரு முதல் நாள்

“பாப்பா தஞ்சோங் பகாருக்குத்தான் போகணும். யுனிவர்சிட்டியே அங்கதான்...”

“ஆரம்பிச்சாங்க, தெரியும்! அதுக்காக இவளும் அங்கதான் ஆரம்பிக்கணுமா? ஃபேரர் பார்க்...”

“நான் பேசிட்டிருக்கேன்ல சரசு?”

“கல்யாணமான நாள்லேர்ந்து நீங்கதானே பேசிட்டிருக்கீங்க!”

சாப்பாட்டு மேசைக்கு ஒரு பக்கம் சேதுபதி, மறு பக்கம் சரசு. நடுவில் மகள் சுதா, இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே தவிர வாயில் போடவில்லை. நீரிணைப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இன்றைக்கு முதல் நாள். தஞ்சோங் பகார், ஃபேரர் பார்க், கிராஞ்சி என்ற மூன்று வளாகங்களில் எங்கே வருகிறாள் என்று எட்டரைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். மணி எட்டேகால்.

“பாப்பா, அது கப்பல் சாமான் வைக்கிற பழைய கிடங்கு. மாடியில முதல் கிளாஸ். மொத்தம் இருபத்திரண்டு பேர். நாற்காலி வந்து சேரல. பிள்ளைங்க அரிசி மூட்டை மேல உக்காந்து நோட்ஸ் எடுத்தாங்க. மத்தியானம் நான்தான் லாரியில நாற்காலி கொண்டு வந்து, படியில தூக்கிட்டு ஏறினேன். அந்தப் படியில நீ ஏறணும்.”

“அந்தப் படிய இடிச்சு லிஃப்ட் போட்டு எத்தனை வருஷமாச்சு!”

“லிஃப்ட்ல ஏறட்டும்! இடம் அதே இடம்தானே?”

சரசு கையில் இருந்த கரண்டியைச் சட்னிக் கிண்ணத்தில் போட்டாள்.

“ஃபேரர் பார்க் கேன்டீன்ல என் கடை ரெண்டாம் நம்பர். பரீட்சை வந்தா பிள்ளைங்களுக்கு லைப்ரரி ஆகாது, என் கடைதான். நான் தோசை திருப்புற சத்தத்துலதான் படிப்பு ஏறும்னு சொல்லுவாங்க. மீ கோரெங் நூடுல்ஸ் கடை யூசுப் அண்ணன் நேத்துகூடக் கேட்டார், ‘உன் மக எப்ப வரா, முதல் ஆளா நான்தான் பாப்பேன்’னு. அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“தஞ்சோங் பகார்னு சொல்லு.”

“சொல்ல மாட்டேன்!”

சுதா மெல்ல வாயைத் திறந்தாள். “நான் கிராஞ்சிக்குப் போகலாம்னு...”

“கிராஞ்சியா!”

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். காலையிலிருந்து இருவரும் ஒன்றாகச் சொன்னது அது ஒன்றுதான்.

“அங்க பஸ் எப்ப வரும்னு பஸ்ஸுக்கே தெரியாது பாப்பா. அந்த கேம்பஸ் பஸ்ஸை ஓட்டினவன் சொல்றேன், கேளு.”

“சுத்திச் செடி வளர்க்கிற தோட்டமும் தவளையும்தான் லா. சாப்பிட ஒரு நல்ல கடை உண்டா?”

“அதனாலதான்ம்மா. எல்லாரும் கடைசியாத்தான் அங்க எட்டிப் பாக்கிறாங்களாம்.”

“நீ ஒருத்தி போய் அங்க என்ன மாத்திடப் போற?” என்றாள் சரசு. “முதல் நாளே வாயாடாதே. பெரியவங்க பேசினா குறுக்கப் பேசாதே. கேட்டா மட்டும் பதில் சொல்லு. குடை எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துக்கிட்டேன். ராத்திரி தூக்கமே வரலம்மா.”

“முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான்,” என்று சேதுபதி சிரித்தார். “ஒரு பையன் பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டேன்னான். பயம். ஃபேரர் பார்க், கிராஞ்சி, தஞ்சோங் பகார்னு மூணு ட்ரிப் அடிச்சேன். அவன் அசையல.”

“அப்புறம்?”

“நாலாவது ட்ரிப்ல பசி வந்துச்சு. உங்கம்மா கடையில இறங்கிட்டான்.”

“பாத்தீங்களா! ஃபேரர் பார்க்!” என்று சரசு கைதட்டினாள்.

சேதுபதியும் சேர்ந்துதான் சிரித்தார். பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

“முப்பது வருஷம் மத்தவங்க பிள்ளைகளை கேட் வரைக்கும் கொண்டு போய் விட்டேன். இன்னைக்கு என் பொண்ணு உள்ள போறதை, நான் நாற்காலி தூக்கின இடத்துல ஓரமா நின்னு பாக்கணும். அவ்வளவுதான்.”

“அப்பா அம்மாவையெல்லாம் யாரு உள்ள விடுவா?” என்றாள் சரசு. ஆனால் குரலில் சண்டை இல்லை. “எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா?”

சுதா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு பக்கம் சொன்னால் மறு பக்கம் முகம் வாடும். இட்லியை அப்படியே மூடி வைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

சேதுபதிதான் போய்க் கதவைத் திறந்தார். கழுத்தில் பல்கலைக்கழக அட்டை தொங்க, டை கட்டிய ஒருவர் வெளியே நின்றிருந்தார். சேதுபதியைத் தாண்டிச் சுதாவைப் பார்த்ததும் விறைப்பாக நிமிர்ந்து கொண்டார்.

“குட் மார்னிங், வைஸ் சான்சலர் மேடம். நான் உங்க செக்ரட்டரி, முகமது இஸ்மாயில். மூணு கேம்பஸ்லயும் உங்களை வரவேற்க மாலையோட நிக்கிறாங்க. அப்பா அம்மாவுக்கும் மேடையில நாற்காலி போட்டாச்சு, கார் கீழ ரெடி. முதல்ல எங்க மேடம் போகணும்?”