சாட்டை சரியில்லை

மூன்றாவது சாட்டையும் திரும்பி வந்துவிட்டது.

"சரியில்லையாம் மச்சான்" என்று மேஜைமேல் வைத்தான் உதுமான்.

ஜெயினுலாப்தீனுக்குச் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு வயதில் கடையநல்லூரிலிருந்து ரயிலேறி வந்து, தாராவியில் தோல் சுமந்து, கண்டவனிடம் அடி வாங்கி, சொந்தமாய் ஒரு பட்டறை போட்ட ஆள். நிறத்துக்காகத் தாராவியே அவரை 'வெள்ளை பாய்' என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அந்த வெள்ளை தக்காளியாகிவிடும். இப்போது ஆகியிருந்தது.

"என்ன சரியில்ல? எருமைத்தோலு. நாலு பிரி. நுனியில முடிச்சு. சுளீர்னு ஒண்ணு வச்சா கட்டை வண்டி மாதுங்கா வரைக்கும் நிக்காது. அந்த வெள்ளைக்காரப் பயலுக்கு இன்னும் என்ன வேணுமாம்?"

"தெரியல மச்சான். உள்ள கொண்டு போறாரு. வெளிய வந்து 'நோ'ங்காரு. அவரு பேசுத இங்கிலீசும் அர இந்தியும் யாருக்கு வெளங்குது?"

வெள்ளைக்காரர் பெயர் பெர்சி. லண்டனில் டெலிவிஷன் என்று வீட்டுக்குள்ளேயே படம் காட்டுகிற பெட்டி உண்டாம். அதில் போலீஸ்காரன், டாக்ஸிக்காரன், கதவு திறந்துவிடுகிற வேலைக்காரன் என்று ஏழெட்டு வருஷம் வந்து போனவர். ஒரு வேஷத்துக்கும் பேர் கிடையாது. நாடகக் கோஷ்டியோடு பம்பாய் வந்தார். கோஷ்டி கலைந்தது. வடாலாவில் ஓர் அறை பிடித்துத் தங்கிவிட்டார். இங்கே இந்திப் படங்களில் அவருக்கு ஒரே வேஷம்: கூலிக்காரனைச் சாட்டையால் அடிக்கிற கலெக்டர் துரை. பஸ்ஸில் பெண்கள் அவர் பக்கத்தில் உட்காரமாட்டார்கள்.

அடி வாங்குகிற கூலிக்காரன் எப்போதும் உதுமான்தான். ஜெயினுலாப்தீனின் மனைவி ரஷீதாவின் தம்பி. ஸ்டுடியோவில் பழைய சாட்டை நைந்துபோனதும், புதுசு தைக்கிற வேலையை மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். சாட்டை பிடித்துவிட்டால் படத்துக்கு வேண்டிய பூட்ஸ், பெல்ட் எல்லாம் இந்தப் பட்டறைக்கே என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

"அவரு அடிச்சா வலிக்காது மச்சான். சத்தம்தான் வரும்."

"அவனுக்கு நீ வக்காலத்தா? ஆறு படத்துல அடி வாங்கியும் ரோஷம் வரலையே ஒனக்கு! வெள்ளைக்காரன் நாட்ட விட்டுப் போயி பதினாறு வருஷமாச்சு, இன்னும் நம்ம முதுகு கேக்கு அவனுக்கு. எருமைத்தோலு பத்தாதாம், இதவிட உறைக்கிறதா தேடுதான். நாளைக்கு நானே வந்து கேக்கேன்."

மறுநாள் காலை சாட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு செம்பூர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். மேக்கப் அறைக் கதவை யாரையும் கேட்காமல் தள்ளினார்.

உள்ளே பெர்சி சட்டையில்லாமல் நின்றிருந்தார். அறுபது வயதுத் தளர்ந்த முதுகு. குறுக்கே மூன்று கோடுகள். இரண்டு காய்ந்தவை. ஒன்று இன்னும் சிவப்பாய்த் தடித்திருந்தது.

மேக்கப்காரர் அதில் களிம்பு தடவிக்கொண்டே இந்தியில் சொன்னார்: "எந்தச் சாட்டை வந்தாலும் முதல் அடி தனக்குத்தான் என்பார். என்னைவிட்டு அடிக்கச் சொல்வார். தனக்கு வலித்தால் உதுமானுக்கும் வலிக்கும் என்பார். உன் சாட்டை மூன்றும் இவர் முதுகில்தான் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்."

பெர்சி திரும்பினார். ஜெயினுலாப்தீன் கையிலிருந்த சாட்டையைப் பார்த்தார். உடைந்த இந்தியில், கேட்டு வாங்குகிற குரலில் சொன்னார்.

"பாய், உள்ளே பஞ்சு வை. மேலே மெத்தென்று ஆட்டுத்தோல். போதும்."

வசவோடு வந்த ஜெயினுலாப்தீன், பஞ்சு வைக்க இடமிருக்கிறதா என்று சாட்டையின் பிரியைப் பிரித்துப் பார்த்தார்.

"பஞ்சும் வேண்டாம், கிஞ்சும் வேண்டாம்!" என்று உள்ளே வந்தார் டைரக்டர். "மூணு நாளா உன்னால லேட். இன்னிக்கு இதே சாட்டைதான். அடி விழுந்தா வலி அவன் மூஞ்சியில தெரியணும்."

பெர்சி சட்டையை மாட்டினார். கலெக்டர் தொப்பியை ஸ்டூல்மேல் வைத்தார்.

"நோ."

"வெளியே போனா பம்பாயில எந்தக் கம்பெனியிலயும் உனக்கு வேஷம் கிடையாது!"

பெர்சி திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

டைரக்டர் தலையில் கைவைத்தார். செட் போட்டாயிற்று. வெள்ளைத்தோலுக்கு எங்கே போவது? தேடிய கண் ஜெயினுலாப்தீனிடம் வந்து நின்றது. பூனைக்கண். சிவந்த முகம்.

"நீ போடு வேஷத்தை."

"நானா?"

"ஷூட்டிங் நின்னா உன் பூட்ஸ், பெல்ட் ஆர்டரும் நின்னுபோச்சு. யோசிச்சுக்கோ."

ஜெயினுலாப்தீன் யோசித்தார். கையிலிருந்த சாட்டையைப் பார்த்தார். முடிச்சைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"குதிரைச் சேணமும் எனக்கே தருவீங்களா?"

"தரேன்."

அரை மணி நேரத்தில் பவுடரும் செம்பட்டை விக்கும் தொப்பியுமாய்ச் செட்டுக்கு வந்தார். கம்பத்தில் கட்டியிருந்த உதுமான் தலையைத் திருப்பிப் பார்த்தான். அடையாளம் தெரிந்ததும் சிரித்துவிட்டான்.

"மச்சான், நீங்களா! அவரு போயிட்டாருன்னதும் எவன் கையில மாட்டப் போறேனோன்னு கெதக்குன்னு இருந்துச்சு. நம்ம ஆளாப் போச்சு, நல்லவேளை."

"திரும்பிக்கோ மாப்ள" என்றார் ஜெயினுலாப்தீன்.

ஒரே டேக்கில் முடிந்தது.

"சபாஷ்!" என்று நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் டைரக்டர். "ஆறு படமா அந்த வெள்ளைக்காரனால வரவழைக்க முடியாத அலறல்யா இது!"