கூரை சொன்ன மூன்றாவது ஆள்

பாலக்கரையில் புதிதாகப் போட்ட கூரைகள் தமக்குக் கீழே துடிக்கும் இதயங்களை எண்ணும். எண்ணியதை வீட்டுக்காரருக்கு உடனே சொல்லும். குடியிருப்பவர்களுக்குச் சாயங்காலம் சொல்லும். பூங்கோதையும் அவள் கணவன் குமரவேலும் இரண்டே பேர் என்றுதான் அங்கே குடிவந்திருந்தார்கள்.

அன்று காலை குமரவேல் வேலைக்குப் போனதும், வீட்டுக்கார ரெஜினா அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"விடியக்கால மூணு பேருன்னு கூரை சொல்லிச்சு. யாரைம்மா ஒளிச்சு வச்சிருக்க?"

"யாரும் இல்லம்மா," என்றாள் பூங்கோதை.

ரெஜினா அம்மா குளியலறை வரை எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. திரும்பியபோது, பூங்கோதையின் கை அடிவயிற்றின் மேல் இருப்பதைக் கண்டார். அவர் குரல் தணிந்தது.

"புருஷனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலம்மா. ரெண்டு தடவ தங்காமப் போயிடுச்சு. அவரு மறுபடி ஆசப்பட்டு ஒடஞ்சு போறத என்னால பாக்க முடியாது." பூங்கோதைக்கு அழுகை முட்டியது. "சாயங்காலம் கூரை அவருகிட்ட சொல்லிடும்ல?"

ரெஜினா அம்மா கைப்பேசியை எடுத்து, அந்தக் கூரை எண்ணுவதையே நிறுத்தினார்.

"சொல்லாது. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப நீயே சொல்லிக்க. இப்பப் போயிப் படு."

சாயங்காலம் குமரவேல் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் பூங்கோதை சொல்லிவிட்டாள்.