தாடைமேல் தாடை

தாடை வளரவே இல்லை.

அவர் இருக்கையை விட்டு எழுந்தே விட்டார்.

விளக்குப் பெட்டியின் மேல் இரண்டு தாள்கள். இரண்டிலும் மகளின் முகம், பக்கவாட்டில். எக்ஸ்ரேயின் மேல் மெல்லிய தாளை வைத்து அவரே வரைந்தவை. போன வருடத்து முகம் கறுப்புக் கோடு. இந்த வருடத்து முகம் சிவப்பு.

கீழ்த்தாடையில் கறுப்பைக் காணோம். சிவப்பு அதன்மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா! நின்னாச்சு!"

ஞாயிற்றுக்கிழமை. அவருடைய பல் கிளினிக்கில் வேறு யாரும் இல்லை. நோயாளி நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்த மகள் இறங்கி வந்தாள். பதினேழு வயது. கையில் கடலை மிட்டாய்.

குனிந்து பார்த்தாள்.

"அப்பா, என் மண்டை பின்னாடி வளந்திருக்கு."

அவரும் பார்த்தார்.

வளர்ந்துதான் இருந்தது. மூக்கு, நெற்றி, பிடரி எல்லாம் பேசிவைத்துக்கொண்டது போல் பின்னுக்கு நகர்ந்திருந்தன.

தாள்களைப் பொருத்தும்போது தாடையைத் தாடைமேல் வைத்திருக்கிறார்.

மூளைக்கு அடியில் ஒரு சின்னக் குழி உண்டு. முகம் என்ன ஆட்டம் போட்டாலும் அது இடம் மாறாது. குழிமேல் குழியை வைத்துத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். பல் மருத்துவக் கல்லூரியில் மேஜையைத் தட்டித் தட்டி இதைச் சொல்லிக்கொடுப்பவர் அவர். தாடையைத் தாடைமேல் வைத்தால் எந்தத் தாடை வளரும்? போன மாதம்கூட இதே தப்புக்கு ஒரு மாணவனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்.

தானும் போய் வெளியே நிற்கலாமா என்று யோசித்தார்.

வெயிலாக இருந்தது.

குழிமேல் குழியை வைத்தார்.

சிவப்பு, கறுப்பைத் தாண்டி முன்னால் வந்து நின்றது. அதிகமில்லை. ஓர் அரிசியின் தடிமன்.

தாடை அவருடையதுதான். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவருக்கு முன்பாகவே அது வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் அவரை அகப்பை என்று கூப்பிட்டார்கள். மகளைப் பிறை என்று கூப்பிடுகிறார்களாம். மனைவி சொன்ன அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடக்.

மகள் கடலை மிட்டாயை இரண்டாக உடைத்தாள். பல்லில் குறை ஒன்றும் இல்லை. பேச்சிலும் இல்லை. கேள்வி முகத்தின் தோற்றத்தைப் பற்றித்தான். தாடையை அறுத்து, பின்னுக்குத் தள்ளி, தகடு வைத்துத் திருகிவிடலாம். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு இதை டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

இவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவரைக் கேட்காமல் கையே தாடையைத் தாடைமேல் வைத்துவிட்டது.

அறுக்கலாமா என்று அவர் கேட்காத ஆளில்லை. பழைய பேராசிரியர், "பார்க்கலாம்ப்பா" என்றார். அறுவைச் சிகிச்சை செய்யும் நண்பர், "செய்யவும் செய்யலாம், செய்யாமலும் விடலாம்" என்றார். மனைவி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நான் என்னத்தைச் சொல்ல" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நீ சொல்லு. செஞ்சுக்கிறியா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளில் இவளைக் கேட்கவே இல்லை.

அவள் மிச்ச மிட்டாயை மேஜையில் வைத்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியை உருவித் தன் மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இவள் ஏதோ மிமிக்ரி செய்கிறாள் என்று அவருக்குக் கேள்வி. அவர் இருக்கும்போது செய்ததில்லை.

தாடையை முன்னே தள்ளினாள். விளக்குப் பெட்டியை ஒரு விரலால் தட்டினாள்.

"பார்க்கலாம்மா. இன்னும் ஒரு ஆறு மாசம் போகட்டும். பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா... பார்க்கலாம்."

அவர் குரல். அவர் இழுப்பு. அந்த 'ஆனா'வில் தாடை கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்குவது உட்பட. அப்படி ஒதுங்கும் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது.

சிரித்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூக்குக்கண்ணாடி இல்லாததால் கண்ணைத் துடைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

"அடி கழுதை. நேராச் சொல்லு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் தன் துப்பட்டாவில் துடைத்து, அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"வேண்டாம்ப்பா" என்றாள். "பின்னாடி தள்ளிட்டா உங்களை மாதிரி வராது."