முதல் துளியின் மதிப்பெண்

பிரசன்னா கருவியை நீட்டினான். அகச்சிவப்பு ஒளி பட்ட நொடியிலேயே இந்திரஜாவின் முதல் துளித் தாய்ப்பாலுக்கு அவன் கைபேசி ஆப்பில் தீர்ப்பு வந்தது. கொழுப்பு போதாது.

"பாதாம் கொடுத்தும் இன்னைக்கும் ஃபெயில்டி. இதைக் கொடுக்காத, டின் பால் கரைக்கிறேன்."

குழந்தை வீறிட்டது. டின் பாலை அது துப்பிக்கொண்டே இருந்ததில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"முதல்ல வர்றது தண்ணியாத்தான் இருக்கும், பிரசன்னா. குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்பு ஏறும். குடிக்கவே விடாம அளந்தா எப்படி?"

"உனக்குத் தெரியுமா, மெஷினுக்குத் தெரியுமா?"

அவன் வேதியியலில் முனைவர். மாதிரியை எப்போது எடுப்பது என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

"மெஷினையே பெத்துக்கோ, போ," என்று சொல்லிவிட்டு இந்திரஜா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஏய், ஆப்ல சிவப்பு விழும்!"

"விழட்டும்."

குழந்தை மூச்சு வாங்க வாங்கக் குடித்தது. வயிறு நிறைந்து தூங்கியதும் அதன் உதட்டோரம் ஒரு துளி மிஞ்சியது. பிரசன்னா குனிந்து அதையும் அளந்தான். திரையில் பச்சை விழுந்தது. மிகச் சிறப்பு.

அதைப் படமெடுத்து அப்பாக்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான்.

"நான் கொடுத்த பாதாம் வேலை செய்யுது, மச்சான்ஸ்."