கோதுமைப்புல்

வேதவல்லியின் அஸ்திக்குப் பால் தெளித்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, பால்கனித் தட்டில் கோதுமைப்புல் வெட்டும் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வேதவல்லிக்குப் புற்று என்று தெரிந்ததிலிருந்து, கதிரேசன் மனைவிக்காக வளர்த்துவந்த புல். கைப்பழக்கத்தில் வெட்டி, அரைத்து, வடிகட்டியும் விட்டார். கொட்ட மனம் வரவில்லை.

“வெறும் வயித்துல, மடக்கு மடக்கா குடி. குமட்டாது” என்று தினமும் சொல்வார். “பழகிடுச்சுங்க” என்பாள். அவர் ஒருநாளும் அதை வாயில் வைத்ததில்லை.

இன்று தானே குடித்தார். இரண்டாவது மடக்கிலேயே குடலைப் புரட்டியது. மகளுக்குக் கேட்கக் கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தார்.

வெளியே வந்தபோது தேன்மொழி துண்டோடு நின்றிருந்தாள்.

“அம்மாவும் இப்படித்தாம்ப்பா, குழாயைத் தெறந்து விட்டுக்குவாங்க.”