உலைக்குப் போதாத கதவு

உலை கதவுக்குள் நுழையவில்லை.

அவள் மறுபடியும் டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். பிடித்தால் மட்டும் அளவு மாறிவிடுமா என்ன? உலை ஒரு சாண் கூடுதல்.

தங்கம் உருக்கும் அறை அது. கோலார்ப் பக்கத்துக் குன்றின் சரிவில் ஆலை முழுக்க அவள் வரைந்தது. கல்லை உடைப்பது, மாவாக அரைப்பது, தங்கத்தைப் பிரிப்பது எல்லாம் ஜோராக ஓடுகின்றன. மிச்சம் உருக்குவது ஒன்றுதான்.

உலையை உள்ளே இறக்கிவிட்டுத்தான் கடைசிச் சுவரை எழுப்புவார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். உலை வரத் தாமதமானது. இவளுக்குப் பொறுக்கவில்லை. சுவரை எழுப்பச் சொல்லிவிட்டாள். கதவுக்கு உலையின் அகலத்தை மட்டும் கணக்கில் எடுத்தாள். உலையைச் சாய்க்கிற இரும்புச் சட்டத்தை மறந்துபோனாள்.

அடிப் பாவி, சட்டம் இல்லாமல் உலை தானாகவா சாயும்?

சட்டத்தை அறுத்து ஒட்டவும் முடியாது. உலை ஆடினால் உருகிய தங்கம் காலில் கொட்டும்.

முதலாளி வரதப்பன் காரிலிருந்து இறங்கினார். முதல் தங்கக் கட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது ஆலையின் வேலையை யாருக்குக் கொடுப்பதென்று சொல்வேன் என்றிருந்தார். இந்தச் சுவர் விஷயத்தில் ஏற்கெனவே அவளோடு மல்லுக்கு நின்றவர். இத்தனை தடிமன் எதற்கு, இத்தனை கம்பி எதற்கு என்று. தங்கம் இருக்கிற அறை என்று அவள்தான் விட்டுக்கொடுக்கவில்லை.



கதவோரம் ஒரு முழம் உடைக்கச் சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தங்கவயல் பெஞ்சமின் கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். அரை மணி நேர வேலை என்று சிரித்தான்.

தடதடவென்று அடித்தான்.

சுவரில் ஒரு கீறல்.

உளியை மாற்றினான். சட்டையைக் கழற்றினான். அடித்தான். உளி மழுங்கியது. வேலையாட்கள் ஒவ்வொருவராக வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரம் போனது. டீயும் வந்து போனது. இப்போது சுவரில் ஒரு தேங்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்குள்ளும் குறுக்கே கம்பி.

பெஞ்சமின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா மேடம், செவுரா இது? இத்த ஒடச்சித் திருடறவன் இன்னும் பொறக்கவே இல்ல!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும்தான். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரிக்கிற நேரமா இது?

முதலாளி சிரிக்கவில்லை. சுவரருகே போனார். ஓட்டைக்குள் விரலை விட்டார். கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையால் சுவரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.



"ரெண்டாவது ஆலைக்கும் இதே செவுர வைம்மா" என்றார். "கதவ மட்டும் உலையக் கேட்டுட்டு வை."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையாட்டினாள்.

பிறகு மெல்லக் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு பிரேக்கர் வாடகைக்கு எடுத்துக்கட்டுமா சார்?"