நாற்பத்திரண்டு சதவீதம்

சிறை அலுவலகக் கணினிக்கு இணையம் கிடையாது. அப்டேட்டைப் பென்டிரைவில் கொண்டுவந்து கையால்தான் ஏற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவன் ஆயுள் கைதி இருதயராஜ் ஒருவன்தான். மதியம் தொடங்கிய அப்டேட் நாற்பத்திரண்டு சதவீதத்தில் நின்று அரைமணி நேரமாக அசையவில்லை. வெளிவாசலருகே, தண்டனை முடிந்த காசீம் துணிப்பையோடு காத்திருந்தான். ஆறு மணிக்குள் விடுதலைத் தாள் அச்சாகாவிட்டால், இன்றிரவு மகளின் நிக்காஹுக்கு அவன் போக முடியாது.

“என்னடா பண்ணித் தொலைச்ச?” என்றார் ஜெயிலர். “ஆஃப் பண்ணிப் போடு.”

“இப்ப ஆஃப் பண்ணா எல்லார் ஃபைலும் போயிரும்யா.”

ஜெயிலர் சுவரிலிருந்த சுவிட்சுக்குக் கை நீட்டினார். இருதயராஜ் பாய்ந்து அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். பதினோரு வருடத்தில் ஓர் அதிகாரியை அவன் மறித்தது அதுவே முதல்முறை. வாசலில் நின்ற வார்டர் லத்தியை எடுத்தார்.

“அஞ்சு நிமிஷம்யா. அப்புறம் அடிங்க.”

திரையில் எண் மாறியது. நாற்பத்து மூன்று. பிறகு எண்கள் மடமடவென்று ஏறின. திரை வெளுத்து, பாஸ்வேர்ட் கேட்டது.

ஜெயிலர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “திரும்புடா. சுவத்தப் பாரு.”

முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் தாளை இழுக்கும் சத்தம் கேட்கும்வரை, சுவரைப் பார்த்தபடி, சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே நின்றான் இருதயராஜ்.